ஒரு காசுக்கு எத்தனை உயிர்?

கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் இருந்த பழைய ஆர்கேட் ஆட்டங்களை, அவற்றைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஆடுபவர்களுக்குத் தெரியும்: விசைப்பலகையில் 5-ஐத் தட்டினால் காசு விழும், 1-ஐத் தட்டினால் ஆட்டம் ஆரம்பம். நம் பாக்கெட்டிலிருந்து போவதில்லை என்பதால் 5-ஐ எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தால் ஒரு தட்டுதான், அதற்குமேல் கிடையாது. அப்படி ஆடியபோதுதான் இந்த ஆட்டங்கள் எல்லாமே ஒரே கணக்கை வெவ்வேறு விதமாகப் போட்டிருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் 25 சென்ட், ஜப்பானில் 100 யென். அதைப் போட்டவனை எப்போது, எந்தச் சாக்கில் எழுப்பி விடுவது?

பழைய வழி கடிகாரம். மிட்வே நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த சீ வூல்ஃப் ஆட்டத்தில் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு கப்பல்கள் மேல் டார்பிடோ விட வேண்டும். திருப்பி யாரும் சுட மாட்டார்கள். நேரம் முடிந்தால் இறங்க வேண்டியதுதான். போதுமான புள்ளி எடுத்திருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவே. மணி வாடகைக்கு சைக்கிள் எடுத்த மாதிரி. கீழே விழுந்தாலும் விழாவிட்டாலும் வாடகை ஒன்றுதான். கடைக்காரருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை, ஆனால் ஆடுபவனுக்குப் பயமே இல்லை. இந்த வழி பின்னால் கார் ஆட்டங்களில் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. செகாவின் அவுட் ரன்னில் (1986) கார் குட்டிக்கரணம் அடிக்கும், உள்ளே இருந்த ஜோடி ரோட்டில் வந்து விழும், அப்புறம் மறுபடி ஏறிப் போவார்கள். போனது சில நொடிகள் மட்டும்.

அடுத்தது, நாம் எல்லோரும் ‘லைஃப்’ என்று சொல்லிப் பழகியது. இது, உருண்டு வரும் இரும்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டி ஆடும் பின்பால் மேசையிலிருந்து வந்தது. அங்கே ஒரு காசுக்கு மூன்று பந்து அல்லது ஐந்து பந்து. அடாரியின் பிரேக்அவுட்டிலும் (1976) பந்துக் கணக்குதான். டைட்டோ நிறுவனத்தின் டொமொஹிரோ நிஷிகாடோ அந்த பிரேக்அவுட்டைப் பார்த்துத் தூண்டப்பட்டுச் செய்ததே 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். பந்து இருந்த இடத்தில் பீரங்கி வந்தது, திருப்பிச் சுடும் எதிரியும் வந்தான். திரையின் அடியில் இடது மூலையில் மிச்சமிருக்கும் பீரங்கிகள் குட்டிக் குட்டியாக நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை அல்ல. ஒரு பீரங்கி வெடித்த பிறகு எது மாறாமல் இருக்கிறது என்பதுதான். சுட்டு வீழ்த்திய எதிரிகள் வீழ்ந்தபடியே இருப்பார்கள், மிச்சமுள்ள கூட்டம் இறங்கி வந்த உயரத்திலேயே நிற்கும், நம் அரண்கள் ஓட்டை விழுந்தபடியே கிடக்கும். அதாவது எந்தத் தவறில் செத்தோமோ அதே இடத்தில் மறுபடி நிற்கிறோம், இந்தத் தடவை விவரம் தெரிந்து. கடிகாரம் இதைத் தரவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்தான். மூலையில் இரண்டு பீரங்கி பாக்கி. வரிசையில் கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு எதிரி விறுவிறுவென்று இறங்கி வந்து தரையைத் தொட்டது. ஆட்டம் முடிந்தது. “மாமா, ரெண்டு லைஃப் இருக்கே?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் விதி அது: தரையைத் தொட்டுவிட்டால் கையிருப்பு செல்லாது. லைஃப் முறையைக் கண்டபடி பரப்பிய ஆட்டமே அதற்கு மேல் ஒரு பூட்டையும் போட்டு வைத்திருந்தது. பின்னால் வந்த பல ஆட்டங்கள் அந்தப் பூட்டை விட்டுவிட்டன.

எத்தனை லைஃப் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சுகளைத் தள்ளினால் பேக்மேனில் 1, 2, 3, 5 என்று மாற்றலாம். 10,000 புள்ளிக்கு ஒரு லைஃப் இனாம் என்பதை 20,000 ஆக்கலாம், இனாமே கிடையாது என்றும் வைக்கலாம்.

இனாம்தான் இந்த முறையின் பலவீனம். விண்கலத்திலிருந்து விண்கற்களைச் சுட்டு உடைக்கும் அடாரியின் ஆஸ்டராய்ட்ஸில் (1979) ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு விண்கலம் இனாம். சின்னப் பறக்கும் தட்டைச் சுட்டால் 1,000 புள்ளி. பத்துத் தட்டு, ஒரு கலம். இதைக் கண்டுகொண்டவர்கள் ஒரே ஒரு சின்னக் கல்லை மட்டும் உடைக்காமல் மிதக்க விட்டுவிட்டு, ஓரமாகப் பதுங்கித் தட்டுகளை மட்டும் வேட்டையாடினார்கள். ஒரு காசில் மணிக்கணக்காக ஆட்டம். கலங்கள் திரை மேலே வரிசையாகக் குவிந்துவிட்டால், கொஞ்ச நேரம் ஆளில்லாமல் சாகவிட்டுச் சாப்பிட்டுவிட்டோ பாத்ரூம் போய்விட்டோ வரலாம். அதாவது லைஃப் என்பது சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு ஆகிவிட்டது. 1981-ல் வந்த ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸில் பதுங்குபவர்களைத் துரத்தி வரும் எதிரியைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வழி, என் கணக்கில் நான்கிலும் அழகானது, ஆனால் அதிகம் பேர் பின்பற்றாதது: அடாரியின் மிசைல் கமாண்ட் (1980). உங்களுக்கு லைஃப் கிடையாது. ஆறு நகரங்கள் இருக்கின்றன. மேலேயிருந்து ஏவுகணைகள் கோடு கோடாக இறங்கும். டிராக்பால் என்ற பந்தைக் கையால் உருட்டிக் குறிவைத்து, அவற்றை நடுவானில் வெடிக்க வைக்க வேண்டும். மூன்று தளங்கள், தளத்துக்குப் பத்து என்று சுற்றுக்கு முப்பது குண்டுதான். எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பது நான்காவது ஐந்தாவது சுற்றிலேயே புரிந்துவிடும். அப்புறம் எதை விடுவது என்ற யோசனைதான். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் போன பீரங்கிக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று வந்து நிற்கிறது, யாரும் போனதாகவே தெரியாது. இங்கே போன நகரத்தின் இடம் சுற்றுக்குச் சுற்று காலியாகக் கண்முன் கிடக்கும். 10,000 புள்ளிக்கு ஒரு நகரம் திரும்பக் கிடைப்பது உண்டு, ஆனால் கடைசி நகரமும் போய்விட்டால் ‘கேம் ஓவர்’ என்று வராது. ‘தி எண்ட்’ என்று வரும். இதைச் செய்த டேவ் தியூரருக்கு அணுகுண்டு விழும் கெட்ட கனவுகள் வந்தன என்பது பலரும் அறிந்த கதை.

ஆனால் காசுக் கணக்கில் பார்த்தால், புதிதாக ஆடுபவனுக்கு இது கொஞ்சம் கடுமை. எங்கே தவறினோம் என்பது லைஃப் போவது போலப் பளிச்சென்று தெரியாது. மெல்ல மெல்லத் தேய்ந்து தோற்கிறோம்.

நான்காவது காண்ட்லெட் (1985). ஆஸ்டராய்ட்ஸைச் செய்த எட் லாக்தான் இதையும் செய்தார் என்பது வேடிக்கை. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு எண் உண்டு, அதுதான் உடல்பலம். அடிபட்டால் குறையும், சும்மா நின்றாலும் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்துகொண்டே இருக்கும். சாப்பாடு எடுத்தால் 100 ஏறும். காசு போட்டாலும் ஏறும், ஆட்டத்தின் நடுவிலேயே. கடிகாரத்தையும் லைஃபையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றியிருக்கிறார். பதுங்கி இருந்து பிழைக்க வழியே இல்லை. கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. தனியாக ஒரே காசில் ஆடினால், உண்மையைச் சொல்வதென்றால், மீட்டர் ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது.

நாங்கள் வளர்ந்த காலத்து டிவி கேம் கடைகளில் இந்தக் கணக்கு தலைகீழ். கடைக்காரர் அரை மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார், உள்ளே ஆட்டமோ லைஃபை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் கான்ட்ரா ஆட்டத்தில் மேல் மேல், கீழ் கீழ் என்று தொடங்கும் ரகசிய வரிசையைத் தட்டி 30 லைஃப் வாங்குவதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. நேரம் முடிந்தால் 22 லைஃப் மிச்சம் இருக்கும்போதே எழுந்து போக வேண்டும்.

ஒரே காசுதான் என்றால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். மனசு அமைதியாக இருக்கும் ராத்திரியில் மிசைல் கமாண்ட். பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் காண்ட்லெட். போன வாரம் அக்கா மகனோடு அதைத்தான் ஆடினேன், ஆளுக்கு ஒரு காசு என்று முதலிலேயே பேசிக்கொண்டு. என் போர்வீரனிடம் 40 சொச்சம் இருந்தபோது மூலையில் சாப்பாடு தெரிந்தது. ஓடினேன். அவன் எதையோ குறிவைத்து விட்ட அம்பு நேராகப் போய்ச் சாப்பாட்டில் விழுந்தது. சுட்டது யார் என்று ஆட்டமே குரல் கொடுத்துக் காட்டிக்கொடுத்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது 5-ஐத் தட்டியது நான்தான்.