பனிக்கட்டி, கோதுமை, ஓக்: நிலக்கலையில் எது தேறும்?

மண், பனி, மரம் என்று இயற்கைப் பொருளையே வைத்துத் திறந்த வெளியில் செய்வது நிலக்கலை. சுற்றுச்சூழல் அக்கறையைச் சொல்ல அதில் எந்த வழி சிறந்தது என்பதுதான் இங்கே கேள்வி. 2015 டிசம்பர். பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த பாரிசில், பாந்தியோன் நினைவு மண்டபத்தின் முன்னால் 12 பெரிய பனிக்கட்டிகளைக் கடிகார முகம் போல வட்டமாக வைத்தார் கலைஞர் ஓலாஃபர் எலியாசன். கிரீன்லாந்தின் கரையோரக் கடலில் உடைந்து மிதந்தவற்றை இழுத்து வந்தது. காதை ஒட்டிவைத்தால் உள்ளே அடைபட்ட பழங்காலக் காற்று பட்பட்டென்று வெடிப்பது கேட்கும். குழந்தைகூடப் புரிந்துகொள்ளும் கலை இது. கொண்டுவந்து சேர்த்ததில் சுமார் 30 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானது என்று பிறகு கணக்கும் வெளியிட்டார்கள். மறைக்காமல் சொன்னது நல்லதுதான். ஆனாலும் உருகுவதைக் காட்ட இவ்வளவு எரிக்க வேண்டுமா என்று எனக்கு உறுத்துகிறது.

இயந்திரத்தால் குடைகிற வழியை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. 1969-ல் அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ஹைசர் நெவாடா பாலைவனத்தில் 2,40,000 டன் பாறையைப் பெயர்த்தார். பார்த்தால் பிரமிப்புதான், ஆனால் நம் விஷயத்துக்கு ஒத்துவராது.

கலைஞர் ஆக்னஸ் டெனெஸ் 1982-ல் செய்தது வேறு மாதிரி. நியூயார்க்கில், பங்குச்சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கு எட்டின தூரத்தில், குப்பையும் கல்லும் கொட்டி நிரப்பிய நிலம். லாரி லாரியாக மண் அடித்து, கையால் சால் பிடித்து, 2 ஏக்கரில் கோதுமை விதைத்தார். ஆகஸ்டில் அறுத்தபோது கிடைத்தது 1,000 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 450 கிலோ. 2 ஏக்கருக்கு இது எந்த விவசாயியும் கேலியாகச் சிரிக்கிற சொற்ப மகசூல்! ஆனால் அந்த மனையின் மதிப்பு அன்றைக்கு 450 கோடி டாலர். அங்கே போய்க் கோதுமை விளைவித்ததுதான் அவர் கேட்ட கேள்வி. அப்புறம் அங்கே கட்டடங்கள் எழும்பிவிட்டன. மிச்சம் புகைப்படங்கள்தான்.

அதே 1982-ல் ஜெர்மனியின் காசெல் நகரில், கலைஞர் யோசெப் பாய்ஸ், ஓர் அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்துவிட்டார். ஓக் போன்ற ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுக்கலாம். அந்தக் கல் அந்த மரத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஊர் நடுவில் இப்படி ஒரு கற்குவியலா என்று பலர் எரிச்சல்பட்டார்கள். அதை ஒழிக்க ஒரே வழி மரம் நடுவது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்! இந்த வேலைக்கான பணத்துக்காக ஜப்பானிய விஸ்கி விளம்பரத்தில்கூட நடித்தார். 1986-ல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. கடைசி மரத்தை 1987-ல் அவர் மகன் நட்டார்.

உடனே உறைக்க வேண்டுமென்றால் பனிக்கட்டிதான், சந்தேகமே இல்லை. இடம் தேர்ந்தெடுக்கும் புத்தியைக் கற்க டெனெஸிடம் போக வேண்டும். ஆனால் என் ஓட்டு காசெலுக்கு. அதற்கும் ஒரு குறை உண்டு: இன்றைக்கு அங்கே நடப்பவருக்கு அது வெறும் சாலையோர மரம், யாரும் நின்று பார்ப்பதில்லை. நட்ட அன்று கல் தடிமனாக நின்றது, கன்று அதன் அருகில் குச்சி மாதிரி. இப்போது கல் அதே உயரத்தில் இருக்கிறது. மரம் அதன்மேல் நிழல் விழுத்திக்கொண்டு நிற்கிறது.