மணிக்கட்டு நோகாத இடியப்ப உரலைத் தேடிக் கொழும்பில் மூன்று வாரம்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவிலிருந்து கொழும்புக்குப் புறப்படுகிறவர்களின் கையில் உறவினர் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆடி மாதத்தில் மூன்று வாரம் கொழும்பின் வெள்ளவத்தையில் தங்குவதற்காக இம்முறை நான் புறப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஐந்தே பொருட்கள் இருந்தன. ஆனால் ஐந்தில் ஒன்றுகூடக் கடைக்குப் போய் விரலை நீட்டிக் காட்டி வாங்கிவிடக்கூடியதாக இருக்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்து பொருந்திய பின்னர் பலம் குன்றிப்போன அம்மாவுக்குக் கையைத் திருகாமல் பிழியக்கூடிய ஓர் இடியப்ப உரலும், அவரிடமுள்ள சிறிய பானையின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும், பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியான ஒரு நீத்துப்பெட்டியும் வேண்டும். பெரியக்காவுக்கு அம்மம்மாவின் பழைய தோட்டில் தொலைந்துபோன ஒரு சுரை, அதாவது தோட்டைக் காதின் பின்னால் பூட்டும் திருகு, வேண்டும். சின்னக்காவுக்கு, ஒரு கலியாணவீட்டுக்காக, இருபது வருடத்துக்கு முந்திய கூறைச் சேலையின் நிறத்தோடு ஒத்துப்போகும் சட்டைத்துணி (ரவிக்கைத் துணி) வேண்டும். தம்பிக்குத் தோசைக்கு உழுந்து அரைக்கும் கல் கிரைண்டர் வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஓர் இணையக் கடையில் உரலைப் பற்றிய விபரம் முழுவதையும் எழுதித் தேடியபோது, அதிகமானோர் வாங்கிய எவர்சில்வர் திருகு உரலையே அது முதலில் காட்டியது. அம்மாவால் பயன்படுத்த முடியாத வகை அதுதான். அதன் பிறகு பல நாட்களாக அரிசி மாவும் இட்டலிச் சட்டியும் என் திரையில் வந்துகொண்டிருந்தன. இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய பரிந்துரைகளின் அடிப்படை முறையொன்றை அமேசான் நிறுவனத்தின் பொறியியலாளர் மூவர் 2003இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு பொருளை வாங்கியவர்கள் அதனோடு சேர்த்து வேறு எவற்றை வாங்கினார்கள் என்பதைக் கணக்கிட்டு, அவற்றை அடுத்தவருக்குக் காட்டுவதே அந்த முறையின் சாரம். பலர் வாங்கும் பொருளுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மணிக்கட்டு முறிந்த ஒரு தாய்க்கு இடியப்ப உரல் தேடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? முன்னர் வாங்கியவர் இல்லாத இடத்தில் அந்தக் கணக்குக்குப் பிடிமானமும் இல்லை. கேள்விக்குப் பதில் எழுதும் செயலியொன்றிடமும் கேட்டேன். எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அது சொன்னவை பயனுள்ளவையாகவே இருந்தன. ஆனால் கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில் இருப்பதாக அது பெயர் குறித்த கடையைத் தேடிப் போனபோது அந்த முகவரியில் அப்படி ஒரு கடை இருக்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் காலி வீதி வழியாக நேரே புறக்கோட்டைக்குப் போய்விடலாம். குறுக்குத் தெருக்களுள் ஒன்றில், அலுமினியச் சட்டிகள் கூரை வரை தொங்கிய ஒரு சிறிய பாத்திரக் கடையில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் சொல்) இருந்தார். நான் விபரத்தைச் சொல்லி முடித்ததும் அவர் உரல் எதையும் எடுக்கவில்லை. "தங்கச்சி, உங்கட அம்மாவுக்கு நோவு மணிக்கட்டிலையா, விரலிலையா, தோளிலையா?" என்று கேட்டார். பிறகு, அவர் நின்றுகொண்டு பிழிவாரா இருந்துகொண்டு பிழிவாரா, சிவப்பரிசி மாவா அவித்த கோதுமை மாவா, கொதித்த தண்ணீரில் குழைப்பாரா இளஞ்சூட்டிலா, எத்தனை பேருக்குச் சமைக்கிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மாவின் கையால் அரை நூற்றாண்டாக இடியப்பம் சாப்பிட்ட எனக்கு, அவர் மாவை எந்தச் சூட்டில் குழைக்கிறார் என்பது தெரியாமல் இருந்ததை எண்ணி அந்த இடத்தில் மிகவும் வருந்தினேன்.

அம்மாவுடன் தொலைபேசியில் பேச முடியுமா என்று அவர் கேட்டார். அப்போது கொழும்பில் காலை பதினொரு மணி என்பதால் ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்திருந்தது. ஆகவே மாலையில் மீண்டும் போனேன். இங்கே ஐந்தரை, அங்கே காலை எட்டு மணி. காணொளி அழைப்பில் அம்மா தன் வலது கையை விரித்துக் காட்டினார். பெருவிரல் முழுமையாக விரியவில்லை என்பதைப் பார்த்த நானா, எடுத்து வைத்திருந்த மூன்று உரல்களில் கைப்பிடிகளுக்கு இடையில் அகலம் கூடியதை உடனே ஒதுக்கிவிட்டார். பின்னர் ஒவ்வொன்றையும் பற்றி விளக்கினார். பித்தளைத் திருகு உரலுக்குப் பலம் குறைவாகவே தேவைப்படும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் மணிக்கட்டில்தான் விழும். இருகைப்பிடி உரலில் மணிக்கட்டு திரும்புவதில்லை, இரு உள்ளங்கைகளாலும் நேராக அழுத்துவதுதான் வேலை. குழாயின் குறுக்களவு சிறிதாக இருந்தால் அதே அழுத்தத்துக்கு மா இலகுவாக இறங்கும், ஆனால் ஒரு முறை நிரப்பினால் இரண்டு தட்டுக்கு மேல் வராது. வீட்டில் இரண்டு பேர்தானே, அது போதும் என்றார். அச்சின் துளைகள் மிக நுண்ணியவையாக இருந்தால் பிழியக் கூடுதல் பலம் வேண்டும் என்பதால், சற்றுப் பெரிய துளை கொண்ட அச்சை வைத்துக்கொள்ளச் சொன்னார்; நூல் கொஞ்சம் தடிப்பாக வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் அம்மாவிடம் சொன்னது, மாவை நன்றாக வறுத்து, கொதித்த தண்ணீர் விட்டுத் தளரக் குழைத்தால் எந்த உரலிலும் பாதி வேலை குறைந்துவிடும் என்பதுதான். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அந்த அச்சு அன்று கடையில் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார், போனேன், கிடைத்தது. வேறு அச்சைத் தந்து அன்றைக்கே காசை வாங்கியிருக்க அவரால் முடியும். நல்ல பரிந்துரை என்று நான் கருதுவது இதையே. நம்மிடம் கேட்க வேண்டியதைக் கேட்பவரும், இப்போது வாங்காதே என்று சொல்லத் துணிபவரும்தான் நமக்கேற்ற பொருளைச் சொல்ல வல்லவர்கள்.

தம்பியின் கிரைண்டரில் இதை இன்னும் தெளிவாகக் கண்டேன். குளிரூட்டிய ஒரு பெரிய காட்சியறையில், கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லியும், ஒரு மின்மாற்றி வாங்கிப் பூட்டினால் ஒரு பிரச்சினையும் வராது என்று சொல்லி, இருந்தவற்றில் விலை கூடியதையே என் முன்னால் வைத்தார்கள். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; ஹேர்ட்ஸ் என்பது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. கனடாவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. கல் கிரைண்டரில் உள்ளது போன்ற தூண்டல் மோட்டார் 60 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். அந்த வேகத்துக்கென அமைக்கப்படாத கல்லும் பட்டியும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதை எனக்கு விளக்கியவர் முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள் விற்கும் ஓர் இளைஞர். தன் கடையில் ஐந்து வகைக் கிரைண்டர் இருந்தும், "அக்கா, இதில ஒன்றும் உங்களுக்குச் சரிவராது. அங்கத்தைய மின்சாரத்துக்கென்று செய்ததை அங்கேயே வாங்கச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவைத்தார். தம்பிக்கு முதலில் கோபம், பிறகு விளங்கிக்கொண்டான்.

சட்டைத்துணிக்காக இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள துணிக்கடைகளில் வெள்ளிக்கிழமை நண்பகலில் பல கடைகள் ஜும்ஆத் தொழுகைக்காக மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் திறந்திருக்கும் கடைகள் குறைவு. குறுகிய விடுமுறையில் வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சின்னக்கா கூறையின் படத்தைத்தான் முதலில் அனுப்பியிருந்தாள். அதே படம் என் தொலைபேசியில் ஒரு நிறமாகவும் கடைக்காரரின் தொலைபேசியில் வேறொரு நிறமாகவும் தெரிந்தது. நல்லவேளையாக, முந்தானையின் உள்மடிப்பிலிருந்து வெட்டிய ஒரு விரலளவு துணியையும் பயணப்பெட்டியில் வைத்துவிட்டிருந்தாள். கடைக்காரர் ஏழு துண்டுகளை வெட்டியெடுத்து, என்னையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துக் காட்டினார். உள்ளே மின்விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரிந்த மூன்று துண்டுகள் பகல் வெளிச்சத்தில் மூன்று வெவ்வேறு சிவப்புகளாகப் பிரிந்தன. கலியாணவீடு மண்டபத்துக்குள்ளா வெளியிலா, பகலா இரவா என்று அவர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாலை வரவேற்பு என்றதும், வெயிலில் சரியாகப் பொருந்தியதை விட்டு, விளக்கொளியில் பொருந்தியதை எடுக்கச் சொன்னார்.

செட்டியார் தெருவில் வேலை விரைவாக முடிந்தது. கதிரேசன் கோவில்களுக்கு அருகே ஒரு மாடிப்படியின் கீழ் இருக்கும் பத்தர், தோட்டை உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, இந்தப் புரிக்குப் பொருந்தும் சுரை ஆயத்தமாகக் கிடைக்காது, புதிதாகத்தான் வெட்ட வேண்டும் என்றார். கனடாவில் இரண்டு கடைகளில் தண்டையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். இவர் தண்டைத் தொடாமல், அதன் புரிக்கு ஏற்ப 22 கரட்டில் ஒரு சுரையைச் செய்து, பெருவிரலால் நான்கு முறை திருகிப் பார்த்துத் தந்தார். அம்மம்மாவின் தோடு முழுமையாகவே எங்களிடம் இருக்கிறது என்பது பெரியக்காவுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். சுரையைத் தனியாகத் தராமல், தோட்டில் பூட்டியபடியே பஞ்சில் சுற்றித் தந்தார்.

எஞ்சியது நீத்துப்பெட்டி. இதற்காக அம்மா பானையின் வாயைக் குறுக்காக ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே தந்துவிட்டிருந்தார். கூம்பு வடிவான பெட்டி பானையின் வாயில் அமர்ந்து நிற்க வேண்டும். சிறிதாகப் போனால் நுனி தண்ணீரைத் தொட்டுப் பிட்டு நனைந்துவிடும், பெரிதாகப் போனால் சாய்ந்து ஆவி வெளியேறிவிடும். காலி வீதியில் பனையோலைப் பொருட்கள் விற்கும் கடையில் இருந்தவையெல்லாம் பெரிய பானைக்கானவை. அங்கிருந்த கடைக்கார அம்மா பெட்டியொன்றைத் தலைகீழாக வைத்து நூலை அதன் மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "மகள், இதை வாங்கிக்கொண்டு போய்ச் சண்டை பிடிக்காதேங்கோ" என்றார். யாழ்ப்பாணத்தில் தனக்குப் பின்னித் தரும் பெண்ணுக்கு நூலின் அளவைத் தொலைபேசியில் சொன்னார். கடைக்கு வரும் பொதியோடு வெள்ளிக்கிழமை வரும் என்றார், வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை இரவு, என் விமானத்துக்கு ஆறு மணித்தியாலம் இருக்கையில், ஓட்டோவில் ஒரு பையன் கொண்டுவந்து தந்தான். நூலை வைத்துப் பார்த்தேன்; சரியாக இருந்தது. பெட்டியின் உள்ளே உரலை வைத்து, சட்டைத்துணியால் சுற்றிப் பயணப்பெட்டியில் வைத்தேன். தாவரப் பொருட்களைக் கனடாவில் இறங்கும்போது அறிவிக்க வேண்டும் என்பதால், ரொறன்ரோ விமான நிலையத்தில் ஓலைப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். நூலை எடுத்துக் காட்டி விளக்கினேன்.