இ-ரீடரும் நூலக அட்டையும்: இரண்டு பிள்ளைகளோடு சில வருட வாசிப்பு

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய இ-ரீடர், அதாவது மின்நூல் படிக்கும் கருவி இது. இப்போது அவள் மூன்றாம் வகுப்பு, தம்பிக்கு நாலு வயது, கருவி இன்னும் நன்றாகவே ஓடுகிறது. வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன, திரை, எடை, பேட்டரி எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் வருடக்கணக்கில், அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முக்கால்வாசி தமிழ் படிக்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு உதவும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கிளை நூலகம், ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம், புத்தகக் காட்சி எல்லாமும் இதில் வரும். எங்கள் வீட்டில் ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்த முதல் ஒன்றரை வருடம் நான் படித்ததெல்லாம் இந்தக் கருவியால்தான். இடது தோளில் குழந்தை தூங்குகிறது, கீழே படுக்க வைத்தால் எழுந்துகொள்ளும், அறையில் விளக்குப் போட முடியாது, இருப்பது ஒரு கை. தடிமனான நாவலை ஒரு கையில் பிரித்துப் பிடிக்கவே முடியாது. இது ஏறக்குறைய இருநூறு கிராம்தான், கட்டை விரலால் தட்டினால் பக்கம் திரும்பும், வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். மின்மை (இ-இங்க்) திரை, விளக்கு வெளிச்சத்தைத் தவிர, பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும் என்பதால் சார்ஜ் பற்றிய நினைப்பே வாரக்கணக்கில் வராது. ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றை முழுவதுமாக அந்த இரவுகளில்தான் முடித்தேன். போனில் படித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: போனில் மெசேஜ் வரும், இதில் வராது. பிள்ளை பெற்ற புதிதில் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும், எனக்கு அது வாசிப்பு. அதைக் காப்பாற்றித் தந்த கருவி என்பதால் இதன் மேல் எனக்கு நன்றி உண்டு.

தமிழில் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பது ஏராளம். 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்நூல் தொகுப்பில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இருக்கிறது. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஈபப் என்னும் மின்நூல் கோப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள், யாரோ உட்கார்ந்து படித்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்பது திறந்ததுமே தெரியும். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 வருடம் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும், அது போக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் உண்டு. இந்த இரண்டாலும் பழைய எழுத்து கொட்டிக் கிடக்கிறது. இதன் மறுபக்கம், என் வாசிப்பு தானாகவே பழைய எழுத்தாளர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று எழுதுகிறவர்களின் நூல்கள் சிலதான் மின்நூலாக வருகின்றன, நிறைய அச்சில் மட்டும்தான். சமகாலத் தமிழ் நாவல்தான் வேண்டும் என்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

குறைகள். தமிழ் எழுத்துரு பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் சில பழைய கோப்புகளில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பத்துப் பக்கம் அப்படிப் படித்தால் கண் வலிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இந்தச் சின்னத் திரையில் படிக்கவே லாயக்கில்லை, பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அகராதி ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்கிறது, தமிழுக்கு ஏறக்குறைய இல்லை. நான் தேடி எடுத்துப் போட்ட அகராதிக் கோப்பும் பயன்படவில்லை, ஏனென்றால் நம் சொற்கள் வேற்றுமையும் விகுதியும் ஒட்டித்தான் வரும், அகராதியிலோ வேர்ச்சொல் மட்டும்தான் இருக்கும், விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் கிடைக்காது. தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்தால் தீர்க்கக்கூடிய பிரச்சினை, வருடங்கள் போயும் அப்படியே இருப்பது எனக்கு வருத்தம்தான்.

நான் எதிர்பார்க்காத பெரிய விஷயம் மகள் பேச ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. அவளுக்கு இந்தக் கருவி "அம்மாவோட இன்னொரு போன்". நான் நாவல் படிக்கிறேனா, கணக்குப் பார்க்கிறேனா, எதுவும் அவளுக்குத் தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால் எப்போதும் ஒரே சாம்பல் நிறப் பலகை. அதே சமயம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு சிறுகதைத் தொகுப்பு கூடத்தில் கிடந்தால் உடனே கேள்வி வரும். "அட்டையில ஏன் மாடு நிக்குது? மாடு கதையா? எவ்ளோ முடிச்சிட்ட?" புத்தகத்தின் நடுவில் அடையாள நாடா இருப்பதைப் பார்த்து, நேற்று இருந்த இடத்திலிருந்து அது நகர்ந்திருக்கிறதா என்று சோதிப்பாள். பெரியவர்கள் படிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் படிப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் படிப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தானே பார்க்க முடியும். அன்றிலிருந்து பகலில், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில், அச்சுப் புத்தகம் மட்டும்தான். இ-ரீடர் இரவுக்கும் ரயிலுக்கும். இந்த ஒரு பழக்கம்தான் எங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

அச்சுக்குத் திரும்பியதும் காசு பற்றிய கேள்வி வந்தது, அதற்குக் கிளை நூலகம். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, ஆனாலும் நம்மில் பலர் உறுப்பினர் அட்டைகூட வாங்குவதில்லை. எனக்கும் மகளுக்கும் தனித்தனி அட்டை. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும், அலுவலகம் போகும் எனக்கு அது வசதி. புதிய குழந்தை நூல்கள் குறைவு, இருப்பதில் சிலது பசையும் தூசியுமாக இருக்கும், ஆனால் பெரியவர்கள் அலமாரியில் கடையில் கிடைக்காத பழைய பதிப்புகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு முறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போவோம். 2010-ல் திறந்தது, முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு, உள்ளே பெரிய செயற்கை மரம், அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு சின்னவன் படம் பார்ப்பான். இரண்டாம் தளம் முழுக்கத் தமிழ் நூல்கள். வீட்டுக்காரரும் நானும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மேலே, ஒருவர் பிள்ளைகளோடு.

பிள்ளைகளுக்கு இ-ரீடர் பயன்படவே படாது. என் கருவியில் நிறம் இல்லை, படப் புத்தகத்தில் வரியை விடப் படம்தான் கதை சொல்கிறது. எங்கள் வீட்டில் மிக அதிகமாகக் கிழிந்தவை சென்னையைச் சேர்ந்த தூலிகாவின் இருமொழிப் புத்தகங்கள், ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும், தாத்தா ஒன்றைப் படிப்பார், அக்கா இன்னொன்றைப் படிப்பாள். அப்புறம் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். 2015-ல் வந்தது, தமிழிலும் நிறையக் கதைகள், வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்செடுக்கலாம். நான் முதல் நிலைக் கதைகளை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, சின்னவனிடம் கொடுத்துவிடுவேன். கிழித்தாலும் கவலையில்லை. ஒரு குறை, மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும், கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

வாய்விட்டுப் படிப்பதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ், புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். இரண்டு வயதுக் குழந்தைக்கு "சென்றான், கூறினான்" என்றால் முகம் வெறுமையாகிவிடும். நான் படிக்கும்போதே "போனான், சொன்னான்" என்று மாற்றிவிடுவேன், மூன்று வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகத்தில் உள்ளபடியே. மகள் எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததும் "அதுல அப்படிப் போடல" என்று கண்டுபிடித்துவிட்டாள், அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் பெரிது. தானாகப் படிக்கத் தெரிந்த பிறகும் நான் படித்துக் காட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், கண்ணால் படிக்கத் தெரிந்த அளவை விடக் காதால் புரிந்துகொள்ளும் அளவு அந்த வயதில் எவ்வளவோ அதிகம்.

இப்போதைய கஷ்டம் எட்டு, ஒன்பது வயதுக்கான தமிழ்ப் புத்தகங்கள். படப் புத்தகம் சின்னதாகிவிட்டது, பெரியவர்கள் நாவல் இன்னும் எட்டவில்லை, நடுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் சுவாரசியமான கதைகள் ஆங்கிலத்தில் குவிந்திருக்கிற அளவுக்குத் தமிழில் இல்லை. பள்ளி நூலகத்திலும் ஆங்கிலமே அதிகம், அதனால் சரியாக இந்த வயதில்தான் நிறையப் பிள்ளைகள் தமிழ் வாசிப்பை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் அரங்குகளில் குறைந்த விலைக்கு நல்லவை கிடைக்கின்றன, பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. மகளிடம் ஒரு தொகையைக் கொடுத்து அவளையே எடுக்க விடுவேன். அவள் எடுப்பதில் பாதி எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் எடுத்ததைத்தான் அவள் முடிக்கிறாள்.

வாங்கலாமா என்று கேட்டால்: கைக்குழந்தை இருக்கிறது, நீங்கள் வாசிப்பவர், அப்படியென்றால் தயங்காமல் வாங்குங்கள், ஈபப் எளிதாக ஏற்றிக்கொள்ளக்கூடிய கருவியாகப் பார்த்து, கடையிலேயே ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து கொம்பும் காலும் சரியாக ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு. பிள்ளைக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகிவிட்டதா, கருவிக்கு முன் பக்கத்து நூலகத்தில் ஆளுக்கொரு அட்டை போடுங்கள்.