கோட்டுக்கு எது: தோல் பட்டியா, எஃகு டைவிங் கடிகாரமா?

கொழும்பு வெள்ளவத்தைத் திருமண மண்டபங்களில் கோட் அணிந்தவர்களின் கைகளில் இரண்டு வகையையும் காணலாம்.

மெல்லிய தோல் பட்டிக் கடிகாரம் 7, 8 மில்லிமீற்றர் தடிப்புத்தான். பொத்தான் பூட்டிய சட்டைக் கைமுனைக்குள் வழுக்கிப் போய்விடும். இரண்டு முள், வெற்று முகப்பு, திகதிகூட வேண்டாம். நீரில் மூழ்குவோருக்கான டைவிங் கடிகாரம் 13 மில்லிமீற்றரைத் தொடும். குறைந்தது 100 மீற்றர் ஆழத்தைத் தாங்க வேண்டும் என்கிறது அதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425. உடல் தடிக்காமல் என்ன செய்யும்? அதன் முகப்பைச் சுற்றியுள்ள பல் வைத்த வளையம் கைமுனையில் சிக்கி நூலைத் தேய்க்கும். நீருக்கடியில் கழிந்த நிமிடங்களைக் கணக்கிடும் அந்த வளையத்துக்கு விருந்து மேசையில் வேலையே இல்லை.

ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் தோல் வியர்வை குடித்து, உட்புறம் கறுத்து நாறும். எஃகைக் கழுவித் துடைத்தால் போதும். பகல் அலுவலகத்துக்கு எஃகை ஒப்புக்கொள்வேன். கறுப்புக் கோட்டுக்குத் தோல்தான். வேட்டியோடு சட்டைக் கையை மடித்துவிடுபவருக்குத் தடிப்பு ஒரு குற்றமே அல்ல.