ரிச்சி தெருவில் 35,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா

ஷார்ஜாவிலிருந்து இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்த இந்தப் பயணத்தில், சென்னையில் விஸ்காம் இரண்டாமாண்டு படிக்கும் அக்கா மகளுக்குக் கேமரா வாங்கித் தருவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அக்கா சேர்த்து வைத்திருந்தது 20,000 ரூபாய், என் பங்கு 15,000. இதற்கு மேல் ஒரு ரூபாயும் போகக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அமீரகத்தில் வரி 5 சதவீதம்தானே, இங்கே 18 சதவீதம் ஆயிற்றே, அங்கிருந்தே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. ஆனால் கேமரா பாடிக்கான (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கான) வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. பழுது வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னையில் அலையப்போவது அந்தப் பெண்தான் என்பதால், அவள் இருக்கும் ஊரிலேயே, அவள் மறுபடி போய் நிற்கக்கூடிய ஒரு கடையிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் புதிய கேமராக்களைப் பார்த்தோம். எங்கள் தொகைக்குள் எட்டக்கூடியவை மிகச் சில. அவற்றில் ஒன்றான கேனான் 3000டி 2018இல் வந்த 18 மெகாபிக்சல் கேமரா. அதில் லென்ஸ் பொருந்தும் வளையம்கூட உலோகமல்ல, பிளாஸ்டிக். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை அவரவர் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யும் சிறு சக்கரமும் அதில் இல்லை. கண்ணாடி அணியும் பெண்ணுக்கு அது சிறிய குறையல்ல. மறுபுறம், 2018இல் நிக்கானும் கேனானும் தங்கள் பெரிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வரிசைகளைத் தொடங்கிய பிறகு, கல்யாணப் படக்காரர்கள் ஒவ்வொருவராக அவற்றுக்கு மாறிவிட, நேற்றுவரை அவர்கள் கையிலிருந்த தரமான டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகைக் கேமராக்கள்) பழைய சந்தைக்கு வந்து பாதிக்கும் குறைவான விலையில் கிடக்கின்றன. கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் புதிய சாதாரணக் கேமராவைவிடப் பழைய நல்ல கேமராவையே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்ஐசி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையைக் கடந்து, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். முதல் கடையில் நிக்கான் டி7200 ஒன்றையும் 18-140 லென்ஸையும் சேர்த்து 34,000 ரூபாய் என்றார்கள். "பத்தாயிரம் கிளிக் கூட ஓடல சார், டாக்டர் ஒருத்தர் வச்சிருந்தது" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் போடத் தயாரானார் கடைக்காரர். நான் ஏறக்குறைய தலையாட்டிவிட்டேன். அக்கா மகள்தான் என் கையைப் பிடித்து, "இருங்க மாமா" என்று நிறுத்தி, ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பைத் தன் கைபேசிக்கு மாற்றிக்கொண்டாள். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் அதுவரை ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியது என்பது, படக் கோப்போடு சேர்ந்தே வரும் எக்ஸிஃப் தகவலுக்குள்ளேயே பதிவாகிறது. அதைப் படித்துக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. திரையில் 1,12,000க்கு மேல் ஓர் எண் வந்தது. டி7200இன் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது; அதில் முக்கால் பங்கு முடிந்திருந்தது. அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னாள். நடுக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தது ஃபங்கஸ் என்னும் பூஞ்சை. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில், பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வரும் நோய் இது. கடைக்காரர் அதை வெறும் தூசு என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

கல்லூரியில் சீனியர் ஒருவர் அவளுக்குச் சொல்லியிருந்த யோசனையைத்தான் நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: விற்பவரைப் பார்க்கும் முன் மெக்கானிக்கைப் பாருங்கள். வாலர்ஸ் சாலையில் ஒரு மாடியறையில், ஒற்றை மேசையும் ட்யூப் லைட்டுமாக உட்கார்ந்திருந்தார் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். ஒரு கேமராவைச் சோதித்துத் தர 300 ரூபாய் என்றார். எந்த மாடல்களுக்கு இன்னும் உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன, எவை வந்தால் தானே திருப்பி அனுப்பிவிடுகிறார் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். விற்பவருக்குக் கேமராவின் விலை தெரியும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் இவர்தான்.

அவருக்கு அறிமுகமான ஒரு கடையில் மற்றொரு டி7200 இருந்தது, பாடி மட்டும் 24,500 ரூபாய். 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, கடைப் பையன் ஒருவரையும் உடன் அனுப்பி, மாடிக்குக் கொண்டுபோய்க் காட்ட அனுமதித்தார்கள். பெரியவர் செய்த சோதனைகளை இங்கே எழுதி வைப்பது மற்றவர்களுக்கும் பயன்படும். லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப்/22 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்தார். படத்தைப் பதியும் சென்சாரில் அழுக்கு இருந்தால் அந்தப் படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். மூன்று புள்ளிகள் தெரிந்தன. ரப்பர் பல்பால் காற்றடித்த பிறகு மீண்டும் எடுத்தார், ஒன்றுதான் மிஞ்சியது. மூடியைப் போட்டுவிட்டு 30 விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்து, சுட்டுப்போன பிக்சல்கள் உண்டா என்று பார்த்தார். அடியில் இருந்த திருகாணிகளைப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலை தேய்ந்திருந்தால் யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்று பொருளாம். ஷட்டர் எண்ணிக்கை 38,000 சொச்சம். "எடுத்துக்கலாம்மா" என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

லென்ஸ் விஷயத்தில்தான் டி7200இன் அருமை தெரிந்தது. நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. 7000 வரிசையில் உண்டு. ஆகவே தனக்கென மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்களும் இதில் ஆட்டோஃபோகஸ் ஆகும், அவை விலையும் மலிவு. அப்படி ஒரு 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் அதே கடையில் 5,500 ரூபாய்க்கு இருந்தது. மாட்டியவுடன் கேமராத் திரையில் "எஃப்ஈஈ" என்று மின்னியது, ஷட்டர் இயங்கவில்லை. கடைப் பையனே அது கெட்டுப்போன லென்ஸ் போலிருக்கிறது என்று திரும்ப எடுத்து வைக்கப் போனார். பெரியவர் அதை வாங்கி, துளை வளையத்தை 22 வரை திருப்பிச் சின்னப் பூட்டை நகர்த்தினார். மறு நொடி ஷட்டர் ஓசை கேட்டது. வளையம் கடைசி எண்ணில் பூட்டப்படாவிட்டால் கேமரா அப்படித்தான் எச்சரிக்குமாம். இந்தப் பாடியின் சென்சார் சிறியது என்பதால் 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் அளவுக்கு நெருக்கிக் காட்டும். குறுகிய அறைக்குள் சிரமம்தான், ஆனால் முகங்களை எடுக்க ஆசைப்படும் அவளுக்கு அதுவே தோது.

பில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடையில், பில் வேண்டுமானால் முழு விலைக்கும் 18 சதவீதம் சேரும் என்று மிரட்டினார்கள். பழைய பொருள்களை வாங்கி விற்பவர், தான் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை எடுக்காதபோது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே ஜிஎஸ்டி கட்டினால் போதும் என்று ஜிஎஸ்டி விதி 32(5) சொல்கிறது. இந்தக் கடையில் அந்த முறைப்படியே, சொன்ன விலைக்குள், பாடியின் வரிசை எண்ணையும் லென்ஸின் எண்ணையும் எழுதிப் பில் கொடுத்தார்கள். பணத்தை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து, அமீரகக் கைபேசி எண்ணிலேயே யுபிஐ மூலம் அனுப்பினேன். 2023 முதல் இந்த வசதி வந்ததில், ஏடிஎம் வரிசையில் நிற்கும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. சோதனைக் கூலி, மெமரி கார்டு, காற்றுப் புகாத ஒரு பெட்டி, அதற்குள் போடச் சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்த்தும் 33,400 ரூபாயில் முடிந்தது.

கடை கொடுத்த உத்தரவாதம் ஒரு மாதம்தான். ஆகவே நான் திரும்பிப் போவதற்குள் தினமும் குறைந்தது நூறு படமாவது எடுத்துப் பார்க்கும்படி அவளிடம் சொன்னேன். ஆறாம் நாள், பின்புறத்துச் சக்கரத்தைத் திருப்பினால் எண்கள் சில சமயம் தாவுவதைக் கண்டுபிடித்தாள். பில்லுடன் போனோம், ஒரு சொல் மறுக்காமல் வாங்கிக்கொண்டு அதே மாடியறைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் கூலி எதுவும் கேட்காமல் சரிசெய்து, செய்த வேலையைப் பில்லின் பின்புறம் தேதியிட்டு எழுதிக் கொடுத்தார்கள். விமானம் ஏறும் நாள் காலையில் போய் அதை வாங்கி, சக்கரத்தை இருபது முப்பது முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தேன்.