கருவேலங்காட்டை அழிக்க யாரைக் கூப்பிடலாம்: ஜேசிபியா, ஹிட்டாச்சியா, கரிமூட்டக்காரரா, அரசு வண்டியா?

விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பத்து வருடம் எட்டிப் பார்க்காமல் விட்ட புஞ்சை சீமைக் கருவேலங்காடாகத்தான் நிற்கும். அதைச் சுத்தம் பண்ண நினைத்து ஊரில் விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மணிக்கணக்கில் டயரில் ஓடும் ஜேசிபி வரும். செயினில் ஓடும் ஹிட்டாச்சி வரும். "மொத்தமாப் பேசிருவோம் அண்ணாச்சி, நீங்க வந்து பாத்தாப் போதும்" என்று ஒரு காண்ட்ராக்டர் வருவார். "விறகை எங்களுக்கு விட்ருங்க, காசே வேண்டாம்" என்று மரத்தை மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டக்காரர் வருவார். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியும் உண்டு, அது பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் வராது.

இவர்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது மணிக்கு எவ்வளவு என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. தூர், அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டை, வெளியே வருமா, வராதா என்பதுதான் முதல் கேள்வி. கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டியதோடு நிறுத்திய இடங்களில் மரம் திரும்பி வந்துவிட்டது. நிலத்துக்குள் ஓர் அடி ஆழம்வரை உள்ள கட்டையாவது வெளியே வர வேண்டும். அதைச் செய்யாத எவரும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், உங்கள் வேலையைப் பாதியில்தான் விடுகிறார்.

டயர் வண்டியும் செயின் வண்டியும்

ஜேசிபி எங்கும் கிடைக்கும், ரோட்டில் தானே ஓடிவரும். தனியார் வாடகை இடத்தையும் டீசல் விலையையும் பொறுத்து மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். முன்பக்க பக்கெட்டில் தள்ளலாம், பின்பக்கக் கையால் தோண்டலாம். வீட்டுமனை அளவு நிலம், மணிக்கட்டுப் பருமனுக்குள் உள்ள மரங்கள், ஒரு வரப்பு, ஒரு வாய்க்கால் என்றால் வேறு வண்டி தேட வேண்டியதில்லை.

அடர்ந்த கருவேலத்தில்தான் அது திணறுகிறது. முதல் காரணம் முள். காய்ந்த கருவை முள் டயரில் ஏறினால் வண்டி நிற்கும், பஞ்சர் ஆள் வரும்வரை உங்கள் நாளும் நிற்கும். அனுபவப்பட்ட ஆபரேட்டர்கள் காட்டைப் பார்த்ததுமே "நம்ம வண்டி தாங்காதுண்ணே" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்கிறவரின் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேலைக்கு உதவுவார். இன்னொரு காரணம் கரிசல். மழை பெய்து இரண்டு நாள்கூட ஆகாத கரிசலில் டயர் வண்டி புதைந்துவிடும்.

ஹிட்டாச்சிக்கு இந்த இரண்டு தொல்லையும் பெரிதாக இல்லை. செயினுக்கு முள் ஒன்றும் செய்யாது, எடையும் பரவி நிற்கும். 20 டன் வகை வண்டி தொடைப் பருமன் மரத்தை நின்ற இடத்திலிருந்தே பக்கெட்டால் சாய்த்து, வேரோடு தூக்கி, இரண்டு உதறு உதறி மண்ணைக் கொட்டிவிட்டுப் பக்கத்தில் போடும். அந்த உதறல் முக்கியம். ஜேசிபியால் தள்ளிச் சுத்தம் பண்ணும்போது மரத்தோடு அரையடி மேல்மண்ணும் வழித்துக்கொண்டு வரப்போரம் போய்விடும். விவசாயத்துக்கு எடுக்கிற நிலத்தில் அந்த மண் போனால் பிறகு எத்தனை வண்டி எரு அடித்தாலும் ஈடாகாது.

ஆனால் செயின் வண்டி ரோட்டில் ஓடாது. டிரெய்லரில் ஏற்றிவர வேண்டும், போக வர அந்த வாடகை உங்கள் தலையில். மணி வாடகையும் ஜேசிபியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "ஹிட்டாச்சி வருது" என்றால் எத்தனை டன் வண்டி என்று கேளுங்கள். 7 டன் வண்டியை அனுப்பிவிட்டு 20 டன் வாடகை பேசுவது நடக்கிறது.

எது மலிவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் மணி நேரம் ஓட விடுங்கள். தூரோடு சுத்தமான இடம் எத்தனை சென்ட் என்று பாருங்கள். ஒரு சென்ட் ஏறக்குறைய 21 அடிக்கு 21 அடி, காலடி வைத்தே அளந்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, 1,200 ரூபாய் ஜேசிபி மணிக்கு 8 சென்ட் எடுத்தால் சென்டுக்கு 150 ரூபாய். 2,200 ரூபாய் ஹிட்டாச்சி 20 சென்ட் எடுத்தால் 110 ரூபாய். டிரெய்லர் செலவைச் சேர்த்தால் ஐம்பது சென்டுக்கு ஜேசிபி ஜெயிக்கும், மூன்று ஏக்கருக்கு ஹிட்டாச்சி ஜெயிக்கும். உங்கள் காட்டில் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

மணிக்கணக்கா, மொத்தப் பேச்சா

மணிக்கணக்கில் பயம் நேரம் இழுக்கப்படுவது. எஞ்சின் ஓடினால் ஹவர் மீட்டர் ஓடும், வண்டி சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் ஓடும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் எத்தனை மணி, வந்துபோகிற நேரம் யார் கணக்கு, ஆபரேட்டர் பேட்டா வாடகைக்குள்ளா வெளியேயா என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். நீங்களோ உங்கள் ஆளோ வயலில் நிற்க முடியும் என்றால் மணிக்கணக்குதான் நியாயமானது.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு மணிக்கணக்கு பேசுவது வீண். அங்கேதான் மொத்தப் பேச்சு வருகிறது. அதன் ஆபத்து வேறு மாதிரி: வேலை சீக்கிரம் முடிந்தால் காண்ட்ராக்டருக்கு லாபம். அதனால் தூரைப் பிடுங்காமல் மேலாக வழிப்பதும், பிடுங்கியதை ஒரு மூலையில் குழி போட்டுப் புதைத்து மண்ணை நிரவிவிடுவதும் நடக்கும். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் நிலம் பளிச்சென்று இருக்கும். வீடு கட்டுகிற இடமாக இருந்தால் புதைத்த கட்டை மக்கி, சில வருடத்தில் தரை இறங்கும். விவசாய நிலமாக இருந்தால் முதல் உழவிலேயே கலப்பை சொல்லிவிடும்.

அந்தக் கலப்பையையே சாட்சியாக்குங்கள். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐந்து கொத்துக் கலப்பை கட்டையில் மாட்டாமல் நிலம் முழுக்க ஒரு சால் ஓடிய பிறகு தருவதாகப் பேசுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவர் இதற்கு முணுமுணுப்பார், ஆனால் ஒப்புக்கொள்வார். மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. வெளியூர் ரேட் மணிக்கு நூறு, இருநூறு குறைவாக இருக்கலாம். ஆனால் புதருக்குள் தூர்ந்துபோன கிணறு எங்கே இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துப் பைப்லைன் எந்த வழியாகப் போகிறது என்பது உள்ளூர் ஆபரேட்டருக்குத் தெரியும். மூடிய கிணற்றுக்குள் வண்டி சரிந்தால் போவது பணம் மட்டும் இல்லை.

காசு கேட்காத கரிமூட்டக்காரர்

கேட்க இனிப்பாக இருக்கும். இந்த மாவட்டங்களில் கருவேல விறகுக்கும் கரிக்கும் நல்ல கிராக்கி, மரம் அடர்த்தியாக இருந்தால் அவர்களே உங்களுக்குப் பணம் தரவும் செய்வார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது விறகு, உங்களுக்கு வேண்டியது வெறும் நிலம். தரையோடு அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டால் மண்ணுக்குள் கட்டை அப்படியே இருக்கும். அதன்பிறகு ஹிட்டாச்சியைக் கூப்பிட்டால் பிடித்துச் சாய்க்க மரம் இருக்காது. ஒவ்வொரு தூரையும் சுற்றித் தோண்டித்தான் எடுக்க வேண்டும், நேரம் எகிறும்.

வரிசையை மாற்றினால் இரண்டு பேருக்கும் லாபம். முதலில் வண்டி வந்து முழு மரத்தையும் வேரோடு பிடுங்கிப் போடட்டும். பிறகு கரிமூட்டக்காரர் வந்து கிளையும் தண்டும் தூருமாக அள்ளிக்கொண்டு போகட்டும். தூரும் மூட்டத்துக்குப் போகும் பொருள்தான். முதலில் வெட்டியே தீருவேன் என்றால் மூன்று, நான்கு அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள், வண்டிக்குப் பிடி கிடைக்கும்.

அரசு வண்டி

வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர், டயர் வண்டி, செயின் வண்டி மூன்றையும் விவசாய வேலைக்கு வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியே இ-வாடகை என்ற பகுதியில் முன்பதிவு செய்து பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்த வாடகை மணிக்கு டயர் வண்டிக்கு 890 ரூபாய், செயின் வண்டிக்கு 1,910 ரூபாய். இன்றைய ரேட்டை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கேட்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மீட்டர் சண்டையும் குறைவு. குறை என்றால் காத்திருப்பு. வண்டிகள் சில, கேட்கிறவர்கள் பலர். கோடை மழைக்குப் பிறகு மண் பதமாக இருக்கிற அந்தச் சில நாளில்தான் வேர் இளகிக் கொடுக்கும், அதே நாளில்தான் எல்லோருக்கும் வண்டி வேண்டும். வீட்டுமனைக்கு இந்த வழி கிடையாது.

மூன்று ஏக்கர் கருவேலம், அவசரம் இல்லை, ஊரில் நிற்க ஆள் உண்டு என்றால் நான் துறையின் செயின் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பேன். அவசரம் என்றால் உள்ளூர் 20 டன் ஹிட்டாச்சி மணிக்கணக்கில், பின்னாலேயே கரிமூட்டக்காரர். மொத்தப் பேச்சை நிலம் நிரவும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், அதைக் கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

யார் வந்தாலும் வண்டி இறங்குமுன் சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக் கற்களுக்குப் பக்கத்தில் உயரக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கல் பிடுங்கப்பட்டால் பக்கத்து நிலக்காரரோடு பேச்சு நின்றுவிடும். காட்டுக்குள் பனை நின்றால் தொட வேண்டாம், வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்திருக்கிறது. "மண்ணை நாங்களே எடுத்துக்கிறோம், வாடகையில கழிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கனிமவளத் துறை அனுமதியும் மண்ணை ஏற்றிப் போவதற்கான நடைச்சீட்டும் இல்லாமல் மண் வெளியே போனால் கேள்வி நில உரிமையாளரிடமும் வரும்.

எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் மண்ணில் கிடக்கும் கருவை விதை அடுத்த மழையில் முளைக்கும். விரல் நீளத்தில் இருக்கும்போதே உழுதுவிட வேண்டும். அதற்கு ஒன்பது கொத்துக் கலப்பை போட்ட டிராக்டர் போதும். இரண்டு மூன்று வருடத்துக்கான அந்த வாடகையையும் இப்போதே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.