வைக்கோலைச் சூடேற்றி மக்க வைப்பதா, தன் போக்கில் விடுவதா?

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டத்து லயன் வீடுகளை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகும், கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போடும் பழக்கம் பலருக்கு விடவில்லை. வெட்டிய புல் காய்ந்து கிடக்கும். நெல் விளையும் தஞ்சோங் காராங் பக்கம் அறுப்பு முடிந்தால் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. இதையெல்லாம் எப்படி மக்க வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

மூலையில் குவித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதது ஒரு கட்சி. நம் ஊரில் பகலில் 30 டிகிரி சாதாரணம் என்பதால் இந்தக் குவியலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். உடம்பு நோகாத வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாலாங் எனும் களைப்புல்லின் வேர்த்தண்டு ஒன்று உள்ளே மாட்டினால், எருவோடு சேர்ந்து பாத்திக்கே வந்து முளைக்கும்.

சூடேற்றுவது இன்னொரு கட்சி. தீ மூட்டியல்ல, மக்க வைக்கும் நுண்ணுயிர்களின் வேலையாலேயே குவியல் சூடேறும். வெறும் வைக்கோல் லேசில் சூடேறாது. அதில் கரிமச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல 80 மடங்கு வரை இருக்கும். கோழி எருவோ பச்சைப் புல்லோ கலந்து அதை 25, 30 மடங்குக்குக் கொண்டுவர வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுகிற ஈரம் போதும். சில நாளில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தொடும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாவது இந்தச் சூட்டில்தான். ஓரத்து வைக்கோல் சூடு படாமலே கிடக்கும் என்பதால், அதை நடுவுக்குத் தள்ளிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும், அது உண்மை.

சூடு ஏற ஏற நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. 65 டிகிரிக்கு மேல் போனால் மக்க வைக்கும் நுண்ணுயிர்களே சாகத் தொடங்கி வேலை மந்தமாகும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடையாகத் தழைச்சத்தும் காற்றில் போய்விடும்.

லாலாங்கோ கோழி எருவோ கலந்திருந்தால் சூட்டுக் குவியல்தான், யோசிக்க வேண்டாம். சுத்தமான வைக்கோல் மட்டும், அவசரமும் இல்லை என்றால் முதல் வழியே போதும். சூட்டு வழியிலும் சூடு தணிந்த மறுநாளே எருவை அள்ளக்கூடாது. வைக்கோல் தண்டின் கெட்டிப் பகுதியான லிக்னினை உடைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். 50 டிகிரிக்கு மேல் அவற்றில் பலவும் ஒடுங்கிவிடும். குவியல் ஆறிய பிறகுதான் அவை தெம்பாக வேலை செய்யும். அதற்குமுன் பாத்தியில் போட்டால், அரைகுறையாக மக்கிய வைக்கோல் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, கத்தரி இலை மஞ்சளடிக்கும்.

சூடு பார்க்கக் கருவி இல்லையா? இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவுங்கள். உள்ளே இருந்த முனையைப் பிடிக்க முடியாமல் சுட்டால், அப்புறம் என்ன, குவியலைப் புரட்ட வேண்டியதுதான்.